போர் வானில் – 14: கெட்ட சேதியோடு போனவர்

சென்ற வாரம் சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோடோவின் பயணத்தைப் பார்த்தோம். 1942 மே மாதம், ஜெர்மானியப் படைகளின் தலைக்கு மேலேயே பறந்து வந்து ஸ்காட்லாந்தில் இறங்கினார் அவர். லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் அவர் கேட்டுப் போனது ஒன்றே ஒன்று: இரண்டாம் போர்முனை. கிழக்கே ரஷ்யா தனியாக ரத்தம் சிந்துகிறது, மேற்கே பிரான்ஸில் இறங்கி ஹிட்லரை நீங்களும் அடியுங்கள் என்பதுதான் கோரிக்கை.

ஜூன் 12ஆம் தேதி ஓர் அறிக்கை வந்தது. 1942லேயே ஐரோப்பாவில் இரண்டாம் போர்முனை திறக்கும் அவசரப் பணி குறித்து முழு உடன்பாடு ஏற்பட்டதாக அது சொன்னது. அதோடு இன்னொரு காகிதத்தையும் சர்ச்சில் மொலோடோவ் கையில் கொடுத்திருந்தார். எங்களால் உறுதி எதுவும் தர முடியாது என்று அதில் எழுதியிருந்தது. ரஷ்ய மக்கள் முதல் காகிதத்தைத்தான் அறிந்தார்கள். இரண்டாவது, ரகசியக் கோப்புக்குள் போய்விட்டது.

அடுத்த ஆறு வாரங்கள் பிரிட்டனுக்கு அடி மேல் அடி. ஜூன் 21 அன்று லிபியாவில் டோப்ருக் கோட்டை விழுந்தது. சர்ச்சில் மீது நாடாளுமன்றத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. 475க்கு 25 என்று தப்பினார், ஆனாலும் அவமானம் அவமானம்தான். ஜூலையில் ரஷ்யாவுக்கு ஆயுதம் ஏற்றிப் போன பி.க்யூ.17 கப்பல் தொடரில் 35 சரக்குக் கப்பல்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆர்க்டிக் கடலுக்கு அடியில் போய்விட்டன. இனி கொஞ்ச நாளைக்குக் கப்பல் கிடையாது என்று மாஸ்கோவுக்குத் தந்தி போனது. அதே ஜூலைக் கடைசியில் லண்டனும் வாஷிங்டனும் முடிவு செய்தன: இந்த ஆண்டு பிரான்ஸில் இறங்குவது நடக்காது, அதற்குப் பதில் வடக்கு ஆப்பிரிக்கா.

ரஷ்யாவிலோ, ரோஸ்டோவ் நகரம் ஜூலை 23 அன்று ஜெர்மானியர் கைக்குப் போயிருந்தது. 28ஆம் தேதி ஸ்டாலின் கையெழுத்திட்டது 227ஆம் எண் ஆணை. ஓர் அடிகூடப் பின்வாங்கக் கூடாது என்பது அதன் சாரம். அப்படிப்பட்ட நேரத்தில், நீங்கள் காத்திருந்த உதவி வராது என்று அந்த மனிதரிடம் யார் சொல்வது?

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல சேதியை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், ஒரு போன் போதும். பேசி வைத்த சம்பந்தத்தை முறித்துக்கொள்ள வேண்டுமென்றால் மட்டும் வீட்டுப் பெரியவர் நேரில் போக வேண்டும். கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, எதிராளியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். திட்டினால் வாங்கிக்கொள்ளவும் வேண்டும். சர்ச்சில் செய்தது அதைத்தான். ஸ்டாலினுக்குத் தந்தி கொடுத்தார். ஜூலை 31 அன்று மாஸ்கோவுக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது.

அப்போது அவருக்கு வயது 67. முந்தைய டிசம்பரில் வெள்ளை மாளிகையில் தங்கியிருந்தபோது அவருக்கு மார்பு வலி வந்தது. அதைத் தன் மனதுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தவர் அவருடைய சொந்த மருத்துவர் டாக்டர் சார்லஸ் வில்சன். இப்போது இந்தப் பயணத்திலும் கூடவே கிளம்பினார்.

முதலில் கெய்ரோ போக வேண்டும். எகிப்தின் வாசலில், அலெக்சாண்டிரியாவிலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில் எல் அலமைனில் ஜெர்மானியத் தளபதி ரோமல் நின்றுகொண்டிருந்தார். பாலைவனப் படையின் தலைமையை மாற்றிவிட்டுத்தான் மாஸ்கோ. கெய்ரோவுக்குப் பாதுகாப்பான வழி எது? மேற்கு ஆப்பிரிக்காவின் தகோராடிக்குப் போய், அங்கிருந்து கானோ, ஃபோர்ட் லாமி, எல் ஒபெய்த் என்று கண்டத்தின் குறுக்கே தாவித் தாவிப் போக வேண்டும். ஐந்தாறு நாள் ஆகும். வெப்பமண்டல நோய்கள் உள்ள பிரதேசம் என்பதால் வரிசையாகத் தடுப்பூசிகள். அவற்றில் சில வேலை செய்யவே பத்து நாள் ஆகும் என்றார்கள்.

இந்த இடத்தில் கதைக்குள் வருகிறார் வில்லியம் வாண்டர்க்ளூட் என்ற இளம் அமெரிக்க விமானி. அப்போதுதான் 'கமாண்டோ' என்று பெயர் சூட்டிய ஒரு லிபரேட்டர் விமானத்தை இங்கிலாந்துக்கு ஓட்டி வந்திருந்தார். பிரிட்டிஷ் விமானப்படைத் தலைவர் சார்லஸ் போர்ட்டல் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார். அந்த இளைஞர் திருப்பிக் கேட்டார்: எதற்கு இவ்வளவு சுற்ற வேண்டும்? ஜிப்ரால்டரிலிருந்து மாலையில் கிழக்கே கிளம்புவது. இருட்டும் நேரத்தில் சட்டென்று தெற்கே திரும்பி, ஸ்பானிஷ் மொராக்கோவையோ ஹிட்லருக்கு அடங்கிய விஷி பிரெஞ்சு அரசின் நிலத்தையோ கடந்துவிடுவது. பிறகு இரவு முழுக்கப் பாலைவனத்தின் மேல் கிழக்கே பறந்து, அஸ்யூத் பக்கம் நைல் நதியைப் பிடித்து வடக்கே திரும்பினால் கெய்ரோ. ஒரே தாவல்.

ஒரு பேரரசின் ராணுவத் திட்ட அறைகள் எல்லாம் யோசிக்காத கேள்வியை ஒரு விமானி கேட்டார். போர்ட்டல் ஒப்புக்கொண்டார், திட்டம் மாறியது. மேலதிகாரி முன்னால் நின்றுகொண்டு இப்படிக் கேட்க ஒரு துணிச்சல் வேண்டும். கேட்டதும் யோசித்துப் பார்க்கிற மேலதிகாரியும் வேண்டும். அன்றைக்கு இரண்டும் வாய்த்தன.

'கமாண்டோ'வை நாம் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். பிரதமரின் விமானம் என்றதும் மெத்தை, சோபா என்று கற்பனை ஓடும். அது ஒரு குண்டுவீச்சு விமானம். குண்டு மாட்டும் சட்டங்களைக் கழற்றிவிட்டு ஆட்கள் ஏறும்படி செய்திருந்தார்கள், அவ்வளவுதான். படுக்க, பின்பக்கத்தில் இரண்டு பலகைகள். ஒன்றில் சர்ச்சில், ஒன்றில் டாக்டர். உள்ளே சூடேற்றும் வசதி கிடையாது. தகடுகளின் இடுக்குகள் வழியாகக் குளிர்காற்று கத்தி போல வந்து வெட்டும். கம்பளிகள் மட்டும் தாராளமாக இருந்தன. உயரத்தில் காற்றழுத்தத்தைச் சமன்படுத்தும் ஏற்பாடும் அதில் கிடையாது. மேலே போனால் ஆக்சிஜன் முகமூடிதான். ஒரு நாட்டின் தலைவர், இதய நோய் சந்தேகம் உள்ளவர், அந்தப் பலகையில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு படுத்தார்.

ஆகஸ்ட் 2ஆம் தேதி நள்ளிரவு, இங்கிலாந்தின் லைனம் தளத்திலிருந்து புறப்பாடு. காலையில் ஜிப்ரால்டர். அன்று மாலை ஆறு மணிக்கு மறுபடி மேலே. இருட்டும் வரை நான்கு பியூஃபைட்டர் விமானங்கள் காவலுக்கு வந்தன. அதற்குப் பிறகு துணைக்கு இருந்தது இருட்டு ஒன்றுதான். ஜிப்ரால்டரிலிருந்து பதினான்கு மணி நேரம். பொழுது விடியும்போது துணை விமானியின் இருக்கையில் வந்து உட்கார்ந்துகொண்டார் சர்ச்சில். பழுப்பு மணலுக்கு நடுவே நைல் தெரிந்தது.

இந்தப் பயணத்தின் ஆபத்து வெறும் பேச்சல்ல என்பதற்குச் சாட்சி சில நாட்களிலேயே வந்தது. பாலைவனத்தில் இருந்த எட்டாம் படைக்குத் தளபதியாக சர்ச்சில் தேர்ந்தெடுத்தவர் ஜெனரல் காட். ஆகஸ்ட் 7 அன்று அவர் போர்முனையிலிருந்து கெய்ரோவுக்கு ஒரு பாம்பே ரக விமானத்தில் வந்தார். காயம்பட்ட வீரர்களும் அதில் இருந்தார்கள். ஜெர்மானியப் போர் விமானங்கள் துரத்தின. 19 வயது விமானி எப்படியோ தரையில் இறக்கிவிட்டார். இறங்கிய பிறகும் விடாமல் சுட்டார்கள், விமானம் எரிந்தது, காட் இறந்தார். இரண்டு நாள் முன்பு, கிட்டத்தட்ட அதே வான்வழியில்தான் சர்ச்சில் திரும்பியிருந்தார். காட் இருக்க வேண்டிய இடத்துக்கு மான்ட்கோமரி வந்தார். அலமைன் வெற்றியோடு நாம் இன்று சேர்த்துச் சொல்லும் பெயர் அப்படி வந்ததுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனம் ஒப்பவில்லை. சர்ச்சில் கெய்ரோவில் இருந்த ஆகஸ்ட் 9 அதிகாலையில்தான் பம்பாயில் காந்தியைக் கைது செய்தார்கள். 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறி ஒரு இரவுகூட முழுதாகப் போகவில்லை. மாஸ்கோவுக்குப் போன குழுவில் இந்தியப் படைகளின் தலைமைத் தளபதி வேவலும் இருந்தார். விடுதலையைக் காக்க உயிரைப் பணயம் வைத்துப் பறந்தவரின் அரசு, அதே வாரத்தில் நம் விடுதலைத் தலைவர்களைச் சிறையில் அடைத்தது. சர்ச்சிலின் துணிச்சலை நான் மனதாரப் பாராட்டுகிறேன். இதையும் மறக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 10 இரவு கெய்ரோவிலிருந்து கிளம்பி, விடிந்ததும் தெஹ்ரான். 12ஆம் தேதி அதிகாலை அங்கிருந்து எல்பர்ஸ் மலைகளைத் தாண்டிக் காஸ்பியன் கடல். நேர்வழியில் போக முடியாது. ஜெர்மானியர் அவ்வளவு நெருங்கி வந்திருந்தார்கள். ஸ்டாலின்கிராட் பக்கமே போகாமல், கிழக்கே ஒதுங்கி, குய்பிஷேவை நோக்கிப் பறந்து பிறகுதான் மாஸ்கோ திசைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. தளபதிகள் புரூக், வேவல், டெட்டர் வந்த இன்னொரு விமானம் இயந்திரக் கோளாறால் தெஹ்ரானுக்கே திரும்பியது. ஆக, முதல் நாள் ஸ்டாலின் முன்னால் உட்காரும்போது ராணுவக் கேள்விகளுக்குப் பதில் சொல்லப் பக்கத்தில் ஒரு தளபதியும் இல்லை.

மாலை ஐந்து மணி வாக்கில் இறங்கினார். மொலோடோவ் தன் காரில் அழைத்துப் போனார். காற்றுக்காக ஜன்னலை இறக்கிய சர்ச்சில் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தால், இரண்டு அங்குலத்துக்கு மேல் தடிமன். எந்த மாதிரி ஊருக்கு வந்திருக்கிறோம் என்பதை அந்தக் கண்ணாடியே சொல்லியிருக்கும்.

ஓய்வு கேட்கவில்லை. அன்று இரவே கிரெம்ளின். சுற்றி வளைக்காமல் கெட்ட சேதியை முதலில் எடுத்து வைத்தார்: இந்த ஆண்டு பிரான்ஸில் இறங்க மாட்டோம். ஸ்டாலினின் முகம் இறுகியது. ஆபத்துக்குத் துணியாதவர் போரில் ஜெயிக்க முடியாது என்றார். இரண்டு மணி நேரம் அந்த இறுக்கம் தளரவில்லை. அதன் பிறகே வடக்கு ஆப்பிரிக்கத் திட்டத்தை சர்ச்சில் வெளியே எடுத்தார். ஒரு காகிதத்தில் முதலையை வரைந்து காட்டினார். மூக்கு பிரான்ஸ், அங்கே தோல் கெட்டி. மத்தியதரைக் கடல் பக்கம் இருப்பது மெத்தென்ற அடிவயிறு, அங்கே குத்துவோம். ஸ்டாலின் பிடித்துக்கொண்டார். ரோமலை முதுகில் தாக்கலாம், ஸ்பெயின் அடங்கும், பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஜெர்மானியருக்கும் சண்டை மூளும், இத்தாலிக்கு நேரடியாகச் சூடு படும் என்று நான்கு பயன்களை அவரே அடுக்கினார்.

மறுநாள் இரவு எல்லாம் தலைகீழ். வாக்குத் தவறிவிட்டீர்கள் என்று எழுத்திலேயே குற்றச்சாட்டு. பிரிட்டிஷ் ராணுவம் ஜெர்மானியரைக் கண்டு பயப்படுகிறது என்ற குத்தல் வேறு. சர்ச்சில் கொதித்து எழுந்து பொழிந்த பேச்சுக்கு மொழிபெயர்ப்பாளரால் ஈடுகொடுக்க முடியவில்லை. வார்த்தை புரியாவிட்டாலும் அந்த வேகம் பிடித்திருக்கிறது என்ற பொருளில் ஸ்டாலின் சொன்னார். 14ஆம் தேதி விருந்தும் கசப்பாகவே முடிந்தது. பேசாமல் ஊர் திரும்பிவிடலாம் என்று சர்ச்சில் முறுக்கிக்கொண்டார். பிரிட்டிஷ் தூதர் ஆர்ச்சிபால்ட் கிளார்க் கெர் அவரோடு தோட்டத்தில் நடந்தபடி எடுத்துச் சொன்னார்: உங்கள் கோபத்தின் விலையை உங்கள் மக்கள் கொடுக்க வேண்டியிருக்கும். பிரதமரிடம் ஒரு தூதர் பேசும் பேச்சா அது! அன்று அந்தப் பேச்சுதான் தேவைப்பட்டது.

15ஆம் தேதி மாலை விடைபெறப் போனவரை ஸ்டாலின் தன் குடியிருப்புக்கே கூட்டிப் போனார். மகள் ஸ்வெட்லானாவை அறிமுகம் செய்தார். மொலோடோவும் வந்து சேர்ந்தார். சாப்பாடும் பேச்சுமாக நள்ளிரவு தாண்டி இரண்டரை மணி. கூட்டுப்பண்ணை நாட்களின் கொடுமையைப் பற்றிக்கூடப் பேச்சு வந்தது. மூன்று மணி நேரம் கழித்து, 16ஆம் தேதி காலை ஐந்தரைக்கு சர்ச்சில் மறுபடி விமானத்தில்.

இந்தப் பயணத்தால் திட்டத்தில் ஒரு வரி மாறியதா? இல்லை. பிரான்ஸ் இறக்கத்துக்கு 1944 ஜூன் வரை ரஷ்யர்கள் காத்திருக்க நேர்ந்தது. அவர்களுடைய கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த மறுப்பைத் தந்தித்தாளில் படித்திருந்தால் ஸ்டாலினின் சந்தேகம் எங்கே போய் முட்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வசவை நேரில் வாங்கிக்கொள்ள ஒருவர் பத்தாயிரம் மைலுக்குக் குறையாமல் அலைந்தார். கூட்டணி உடையாமல் நின்றதில் அந்த அலைச்சலுக்குப் பங்கு உண்டு என்பதே என் தீர்ப்பு.

ஆகஸ்ட் 24 இரவு 'கமாண்டோ' அவரை லைனம் தளத்தில் பத்திரமாக இறக்கிவிட்டது. மறுநாள், 25ஆம் தேதி, மன்னரின் தம்பி கென்ட் கோமகன் போன விமானம் ஸ்காட்லாந்து மலைச்சரிவில் மோதி அவர் இறந்தார். 'கமாண்டோ' இன்னும் இரண்டரை ஆண்டு பறந்தது. 1945 மார்ச் 27 அன்று, ஏர் மார்ஷல் பீட்டர் டிரம்மண்டையும் மற்றவர்களையும் ஏற்றிக்கொண்டு கனடா நோக்கிப் போகையில், அசோரஸ் தீவுகளுக்கு அருகே அட்லாண்டிக் கடலில் காணாமல் போனது. அதில் இருந்தவர்கள் ஒருவரும் திரும்பவில்லை.

(தொடரும்)