புல்லட் பிஸ்டனும் ஐந்து நிமிட எக்செல் கணக்கும்

கம்ப்யூட்டர் பத்திரிகையில் மோட்டார் சைக்கிள் பிஸ்டனுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. சாதாரண எக்செல் கணக்கு ஒன்றைப் போடாததால் ஒரு புதுப் பிஸ்டனை நாசமாக்கியவன் நான். அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதை இங்கு பார்க்கலாம். எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் இதைச் செய்யலாம்.

வண்டி, அப்பா 1978-ல் வாங்கிய புல்லட் 350. சென்னை திருவொற்றியூரில் தயாரானது. இதன் பிஸ்டனின் விட்டம் 70 மி.மீ.; அது மேலும் கீழும் ஓடும் தூரம் 90 மி.மீ. எக்செல்லைத் திறந்து, ஏதாவது ஒரு செல்லில் =3.1416*70*70/4*90/1000 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். 346.36 என்று வரும். இதுதான் என்ஜினின் சி.சி. சமக்குறி போட்டால்தான் எக்செல் அதைக் கணக்காக எடுத்துக்கொள்ளும். * என்பது பெருக்கல், / என்பது வகுத்தல்.

வண்டி நீலப் புகை விட ஆரம்பித்ததும் என்ஜினைப் பிரித்தேன். பிஸ்டனின் பக்கவாட்டில் நெடுக்காகக் கீறல்கள். சிலிண்டர் சுவரிலும் அதே கீறல்கள். இப்படியானால் சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட வேண்டும். கடைவதை ரீபோர் என்றும், பெரிய பிஸ்டனை ஓவர்சைஸ் என்றும் சொல்வார்கள். அரை மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் வாங்கினேன். சிலிண்டரை மட்டும் லேத் பட்டறையில் கொடுத்து, '70.50' என்று சீட்டு எழுதி வைத்துவிட்டு வந்தேன். பட்டறைக்காரர் சீட்டில் உள்ளபடி சரியாகவே கடைந்து கொடுத்தார்.

மாட்டி 180 கி.மீ. கூட ஓடவில்லை. ஹைவேயில் போகும்போது என்ஜின் திடீரென்று இறுகி, பின்சக்கரம் தேய்த்துக்கொண்டு போனது. உடனே கிளட்ச்சைப் பிடித்ததால் விழாமல் தப்பித்தேன். வண்டியை வேனில் ஏற்றி வந்தோம். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. "அளந்து பார்த்தியாப்பா?" என்று மறுநாள் காலையில்தான் கேட்டார்.

நான் அளக்கவில்லை. பிஸ்டன் கடைக்குப் போய் அதே சைஸில் இன்னொன்றை மைக்ரோமீட்டரில் அளந்தபோது 70.46 இருந்தது. ஆக, நடுவில் இருந்த இடைவெளி 0.04 மி.மீ. மட்டுமே. இது போதுமா? இங்கேதான் எக்செல் வருகிறது.

பிஸ்டன் அலுமினியக் கலவை. இந்த வண்டியின் சிலிண்டர் வார்ப்பிரும்பு. சூடானால் இரண்டும் விரியும், ஆனால் ஒரே அளவில் அல்ல. ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் பிஸ்டன் அலுமினியம் தன் அளவில் சுமார் 0.00002 பங்கும், வார்ப்பிரும்பு சுமார் 0.000011 பங்கும் விரியும். இரண்டும் 100 டிகிரி சூடேறுவதாக வைத்துக்கொள்வோம்.

1. ஏ1 செல்லில் =70.5*0.00002*100 என்று டைப் செய்யுங்கள். விடை 0.141. இது பிஸ்டன் விரியும் அளவு.

2. அதற்குக் கீழே ஏ2 செல்லில் =70.5*0.000011*100 என்று கொடுங்கள். ஏறக்குறைய 0.078 வரும். இது சிலிண்டர் விரியும் அளவு.

3. ஏ3 செல்லில் = மட்டும் டைப் செய்து, ஏ1 செல்லைக் கிளிக் செய்யுங்கள். பிறகு கழித்தல் குறி போட்டு, ஏ2 செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். விடை சுமார் 0.063.

நான் விட்ட இடைவெளி 0.04, சூட்டில் குறையும் இடைவெளி 0.063. பிஸ்டன் பிடிக்காமல் என்ன செய்யும்? உண்மையில் சிலிண்டரைவிடப் பிஸ்டன் அதிகம் சூடாவதால் நிலைமை இன்னும் மோசம். ஏ1 செல்லில் 100-ஐ 150 ஆக்கிப் பாருங்கள், ஏ3 செல்லின் விடை தானாக மாறும். எக்செல்லின் வசதியே இதுதான்.

சிலிண்டர் மறுபடி கீறல் விழுந்துவிட்டதால் அடுத்த ஓவர்சைஸுக்குப் போக வேண்டியதாயிற்று. இந்த முறை முதலில் பிஸ்டனை அளந்தேன். பிஸ்டன் பின்னுக்குக் குறுக்குத் திசையில், பிஸ்டனின் அடிப்பகுதியில் அளக்க வேண்டும். 70.92 இருந்தது. பிஸ்டனையும் சிலிண்டரையும் சேர்த்தே பட்டறையில் கொடுத்து, 71.01-க்குக் கடையச் சொன்னேன். இடைவெளி 0.09. உங்கள் வண்டிக்குப் பிஸ்டனுடன் வரும் தாளில் உள்ள அளவையே பின்பற்றுங்கள்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை: கிராங்க் கேஸின் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிட்டுத்தான் பின்னின் சர்க்கிளிப்பைக் கழற்ற வேண்டும், உள்ளே விழுந்தால் முழு என்ஜினையும் பிரிக்க நேரிடும். பழைய சர்க்கிளிப்பைத் திரும்பப் போடக்கூடாது. பிஸ்டன் தலையில் அம்புக்குறி இருந்தால் அது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதைத் தாளில் பாருங்கள். மூன்று ரிங்குகளின் வாய்களும் ஒரே நேர்கோட்டில் வரக்கூடாது. ஆயில் ஃபில்டரையும் இரண்டு ஆயில் பம்புகளையும் அப்போதே சுத்தம் செய்துவிடுங்கள்.

பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்தையும் செல்போனில் படமெடுத்து, கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் 01, 02 என்று வரிசையாகப் பெயரிட்டு வையுங்கள். திரும்ப மாட்டும்போது கடைசிப் படத்திலிருந்து பின்னோக்கி வந்தால் போதும்.

முதல் 500 கி.மீ. நிதானமாக ஓட்டி, ஆயில் மாற்றினேன். இப்போது அப்பாவே தினமும் எடுத்துக்கொண்டு போகிறார்.

எக்செல்லில் தவறாக டைப் செய்தால் கண்ட்ரோல், இசட் கீகளைச் சேர்த்து அழுத்தினால் பழையபடி வந்துவிடும். கடைந்த சிலிண்டருக்கு அந்த வசதி கிடையாது. எனவே கணக்கை முதலில் போடுங்கள். பட்டறைக்குப் பிறகு போங்கள்.