அதே சேலை எதிரே வந்தால்?

ஆனி, ஆடி மாதத்தில் மேலகரத்துச் சாலையோரம் சற்றே நின்று பாருங்கள். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் இது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இருக்கிறது. சாரல் காலத்தில் அருவிக்குப் போகும் பஸ்களும் வேன்களும் இந்த வழியே சாரிசாரியாகப் போகும். சாயங்காலம் திரும்பும்போது சன்னல் கம்பிகளில் ஈரச் சேலைகள் படபடக்கும்.

மஞ்சள், பச்சை, ஊதா, கட்டம் போட்டது, பூப்போட்டது... ஒன்றுபோல் இன்னொன்று கண்ணில் படாது! பல ஊர்க்காரர்கள், முன்பின் அறியாதவர்கள். "நீ இதை உடுத்து, நான் அதை உடுத்துகிறேன்" என்று பேசிவைத்துக்கொண்டா புறப்பட்டார்கள்?

காரணம் தறியிலேயே தொடங்கிவிடுகிறது. கைத்தறியில் ஒரு பாவுக்குச் சில சேலைகள்தான் வரும். ஊடை நூலின் நிறத்தை மாற்றினால் அதே பாவில் அடுத்த சேலை வேறு சேலை. விசைத்தறிச் சேலையும் அச்சுச் சேலையும் ஆயிரக்கணக்கில் வருகின்றன. ஆனால் ஒரே பூ நாலைந்து நிறங்களில் வந்து, பல ஊர்க் கடைகளுக்குச் சிதறிப் போய்விடுகிறது. கடைக்காரரும் ஒரே சேலையை அடுக்கி வைக்கமாட்டார். "பக்கத்து வீட்டில் இதைத்தானே எடுத்திருக்கிறார்கள்" என்று வாங்க வந்தவள் எழுந்து போய்விடுவாள்! அப்படியே இருவர் வாங்கினாலும், பீரோவில் உள்ள இருபது சேலையில் இருவரும் ஒரே நாளில் அதையே எடுக்கவேண்டுமே!

ஆனால், கூட்டத்தில் ஜோடிச் சேலையே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 விதச் சேலைகள் சம அளவில் புழங்குவதாக வைத்துக்கொள்வோம். 38 பெண்கள் கூடினாலே, அவர்களில் யாராவது இருவரின் சேலை ஒத்துப்போகப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஆனால் குறிப்பிட்ட ஒருத்தியின் சேலைக்கு ஜோடி கிடைக்க அதே வாய்ப்பு வேண்டுமானால், அவளைச் சுற்றி 693 பேர் நிற்கவேண்டும். அவரவர் தம் சேலையைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த இருவரின் சேலையை ஒப்பிட யாருக்குப் பொழுது?

ஆண்கள் பாடு சுகம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் நூறு பேர் எதிரே வந்தாலும் எவரும் திகைப்பதில்லை.

கார்த்திகை பிறந்துவிட்டால் இதே அருவிக்கரையில் காட்சி மாறிவிடும். சபரிமலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்கள் வந்து இறங்குவார்கள். எங்கே திரும்பினாலும் கறுப்பு, நீலம், காவி! முதலாளி யார், கூலிக்காரர் யார் என்று உடையைப் பார்த்துச் சொல்ல முடியாது. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை வந்ததும் இந்த எண்ணத்தோடுதான்.

ஒரே உடை எப்போதும் ஏழ்மையை மறைத்துவிடுமா? பொங்கலுக்கு அரசு கொடுக்கும் இலவசச் சேலையைப் பாருங்கள். 1983-ஆம் ஆண்டு எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய திட்டம். ஏழைக்குத் துணி; நெசவாளிக்கு வேலை. நல்ல திட்டம்தான். ஆனால் ஊருக்கெல்லாம் ஒரே சேலை என்றால், உடுத்தியவளைக் கண்டதுமே "இது ரேஷன் கடைச் சேலை" என்று தெருவே சொல்லிவிடும். பள்ளிச் சீருடை மறைத்ததை இந்தச் சேலை பறைசாற்றிவிட்டது! வாங்கிய சேலையை வெளியே உடுத்திப் போகக் கூச்சப்படுவதில் வியப்பென்ன?

அரசும் இதைக் கவனிக்காமல் இல்லை. 2023 பொங்கலுக்கு 15 வடிவங்களில் சேலைகள் நெய்ய ஏற்பாடாயிற்று. வடிவம் 15, சேலைகளோ கோடிக்கு மேல். அதில் ஒன்றை உடுத்திக்கொண்டு குற்றாலத்துக்கு வருகிறவள், அருவிக்குப் போகும் வழியிலேயே தன் ஜோடியைப் பார்த்துவிடுவாள்.