சுருட்டி வைக்கும் சுவர்

ஜங்புரா மதராசி கேம்ப் 2025 ஜூன் 1ஆம் நாள் இடிக்கப்பட்டது. 370 வீடுகளுள் 189 வீட்டாருக்கே நரேலாவில் மாற்றிடம் பெறும் தகுதி உண்டெனக் கணக்கெடுப்பு கூறிற்று. மூட்டையில் வந்த பழஞ்சேலைகளை டில்லிக் குளிருக்கு ஒட்டுப்போர்வையாக்க விழையும் சகோதரிகளே, துண்டுகளைப் பரப்ப இடமில்லையே என்று தயங்க வேண்டா.

ஒன்றரை மீட்டர் ஃபிளானல் துணியின் மேல்விளிம்பை மடித்துத் தைத்து, கழி செருகிச் சுவரில் மாட்டுவோம். அதன் மென்மயிர் பருத்தித் துண்டுகளைத் தானே பற்றிக்கொள்ளும். வழுக்கும் பட்டுக்கும் நைலக்சுக்கும் குண்டூசி வேண்டும். அன்னையின் சுங்குடியை உடனே கத்தரித்துவிடாமல், மடித்துக் குத்தி, எட்ட நின்று நோக்குவோம். ஒவ்வாத நிறம் அங்கேயே தெரிந்துவிடும். அந்தி வந்ததும் பழைய வேட்டியொன்றை மேலே போர்த்திச் சுருட்டினால் வரிசை கலையாது, பாயும் விரிக்கலாம்.