கேட்கத் தெரிந்தவர்கள் வேண்டும்

மனநல மருத்துவர் நோயாளியோடு பேசும் வீடியோக்களை அமெரிக்க, பிரிட்டிஷ் மருத்துவர்களுக்குப் போட்டுக் காட்டி என்ன நோய் என்று கேட்டார்கள். 1971இல் வெளியான ஆய்வு அது. ஒரு நோயாளியைப் பார்த்த அமெரிக்கர்களில் 69 சதவீதத்தினர் மனச்சிதைவு நோய் என்றார்கள். பிரிட்டிஷாரில் 2 சதவீதத்தினரே அப்படிச் சொன்னார்கள். ரத்தப் பரிசோதனையில் பிடிபடாத நோய் இது. கேட்பவரின் காதுதான் கருவி. அது ஊருக்கு ஊர் மாறினால் நாடுகளை எப்படி ஒப்பிடுவது?

பன்னாட்டு ஆய்வுகள் நேர்காணல் செய்வோரின் பயிற்சிக்கு அவ்வளவு முக்கியத்துவம் தருவது இதனால்தான். லண்டன் கிங்ஸ் கல்லூரியும், சென்னையில் 1984 முதல் இயங்கும் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனமும் பங்கேற்ற 'இன்ட்ரெப்பிட்' மனநோய் ஆய்வு காஞ்சிபுரம், நைஜீரியாவின் இபாதான், வடக்கு டிரினிடாட் ஆகிய மூன்று இடங்களில் ஒரே முறையில் நடந்தது. மருத்துவமனைப் பதிவேட்டோடு நிற்காமல், நாட்டு வைத்தியர்கள், நம்பிக்கை சார்ந்து குணப்படுத்துவோர், ஊர் விவரம் அறிந்தவர்கள் வழியாகவும் நோயாளிகளைத் தேடினார்கள்.

நேர்காணலுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 'ஸ்கேன்' கேள்வித்தொகுப்பு (மூளையைப் படமெடுக்கும் ஸ்கேன் அல்ல). "யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறதா?" என்று கேட்பது எளிது. "அம்மன் பேசினாள்" என்று பதில் வந்தால்? அது பக்தியா, நோயா? அந்தக் குரல் எப்போது வந்தது, வேலையையும் தூக்கத்தையும் கெடுத்ததா, வீட்டார் அதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று நிதானமாகத் துருவ வேண்டும். பயிற்சியில் ஒரே நேர்காணலுக்குப் பலரும் தனித்தனியே மதிப்பெண் போடுவார்கள். வேறுபட்டால் ஏன் என்று விவாதித்து, மறுபடி போடுவார்கள். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் ஆய்வின் நம்பகத்தன்மை இதில்தான் இருக்கிறது.

பன்னாட்டுக் கூட்டு என்றாலே நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். கேள்வி வெளிநாட்டில் பிறந்து, வீடு வீடாக அலைவது மட்டும் நம் பங்கு என்றால் அது கூலிக்கு மாரடிப்பதுதான். சென்னையில் 1981இல் 90 மனச்சிதைவு நோயாளிகளோடு தொடங்கிய ஆய்வை டாக்டர் ஆர். தாரா குழுவினர் 20 ஆண்டுகள் தொடர்ந்தார்கள். உள்ளூரில் ஆள் இருந்ததால் முடிந்தது. வெளிநாட்டு நிதி சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். நோய் பலருக்கு ஆயுள் முழுக்க நீள்கிறது.

இத்தகைய கூட்டு ஆய்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நம் பல்கலைக்கழகங்கள், இங்கே எத்தனை பேர் முனைவர் பட்டம் பெறுவார்கள், தரவு யார் கையில் இருக்கும் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.