சமூக வலைத்தளங்களும் மனித மனமும்

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் ஆலயத் திருவிழாவை, போரினாலும் பொருள்வயிற் பிரிவினாலும் புலம்பெயர்ந்தோர் இன்று கைத்தொலைபேசியிற் கண்டு வணங்குகின்றனர். பிரிவுத்துயரை இத்தொழில்நுட்பம் ஓரளவு தணிக்கின்றது என்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஆயின், பிறர் வாழ்வோடு தம் வாழ்வை ஒப்பிட்டு ஏங்கும் மனநிலையும் அதே திரையிலேயே பிறக்கின்றது. இதனைத் தனிமனித பலவீனமாக மட்டும் விளக்குதல் பொருந்துமா?

சமூக வலைத்தளங்கள் பெரும்பாலும் பயனாளரிடம் கட்டணம் பெறுவதில்லை. அவர்தம் கவனத்தையே விளம்பரதாரருக்கு விற்கின்றன. எனவே, மக்களைத் திரையில் நீண்டநேரம் நிறுத்தவல்ல செய்தியே முன்னிறுத்தப்படுகின்றது. 2012 சனவரியில் முகநூல் நிறுவனம் 689,003 பயனாளரை அவர்கள் அறியாமலே ஒரு வாரம் பரிசோதனைக்கு உட்படுத்தியது. மகிழ்ச்சியான பதிவுகள் குறைத்துக் காட்டப்பட்டோர், தாமும் மகிழ்ச்சிச் சொற்களைக் குறைத்தே எழுதினர். விளைவு மிகச் சிறிதே. எனினும், மனநிலையைத் தொலைவிலிருந்தே மாற்றலாம் என்பது புலனாயிற்று.

மகிழ்ச்சியைப் போன்றே வெறுப்பும் தொற்றும். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டபோது, முகநூலில் வெறுப்புப் பதிவுகள் பரவின. அரசாங்கம் வலைத்தளங்களைத் தற்காலிகமாக முடக்கியது. 2020 மேயில், தன் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டமைக்கு அந்நிறுவனம் வருத்தம் தெரிவித்தது.

முடக்கமும் உபதேசமும் நிலையான பரிகாரமாகா. செய்திகளை வரிசைப்படுத்தும் விதிகளைப் பகிரங்கப்படுத்தல், தமிழும் சிங்களமும் அறிந்த போதிய கண்காணிப்பாளரை நியமித்தல் ஆகியவற்றை நாம் உரிமையாகக் கோருதல் வேண்டும். உறவைப் பேணும் கருவி உறவைச் சிதைக்கும் கருவியாகாதிருக்க இதுவே வழி.