கப்பல் நிற்கும் பகலில் இன்னொரு நாகூர்

திருச்சியில் விமானமேறி சிங்கப்பூர். அங்கிருந்து சொகுசுக் கப்பலில் மூன்று, நான்கு இரவுகள். நடுவே பினாங்கில் ஒரு பகல். டெல்டாவிலிருந்து கப்பல் சுற்றுலாவுக்குக் கிளம்புகிறவர்களுக்கு இன்று கைக்கெட்டும் வழிகளில் இது ஒன்று. கப்பல் பினாங்கைத் தொட்டதும் பலர் பேருந்தில் ஏறிப் பினாங்கு மலைக்குப் போய்விடுவார்கள். 1923-ல் ஓடத் தொடங்கிய மலை ரயில் அங்கே இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கியூவில் நின்று ஏறி, பார்த்து, இறங்குவதற்குள் பாதி நாள் போய்விடும். தஞ்சாவூர்க்காரர் பார்க்க வேண்டியது மலையில் இல்லை. துறைமுகத்துக்கு எதிரே, நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது.

ஸ்வெட்டன்ஹாம் துறையை விட்டு வெளியே வந்தால் முதலில் கண்ணில் படுவது விக்டோரியா ராணி மணிக்கூண்டு. அவர் பட்டமேறி 1897-ல் 60 ஆண்டு நிறைந்ததன் நினைவாக, ஆண்டுக்கு ஓர் அடி என்று 60 அடி உயரத்துக்கு ஒரு சீன வணிகர் கட்டிக்கொடுத்தது. பக்கத்திலேயே கார்ன்வாலிஸ் கோட்டை. 1786-ல் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் இங்கே இறங்கியபோது இந்த இடமெல்லாம் காடு. பீரங்கியில் வெள்ளிக்காசுகளை அடைத்துக் காட்டுக்குள் சுட்டாராம். காசு பொறுக்கும் ஆசையில் ஆட்கள் மரங்களை வெட்டித் தள்ளினார்களாம். இது கதை. அவர் எழுதி வைத்துப்போன கணக்கு கதையல்ல. சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலில் வந்து, வியாபாரமோ கூலிவேலையோ செய்து, நாலு காசு சேர்ந்ததும் ஊர் திரும்புகிறார்கள் என்று 1790-களிலேயே குறித்திருக்கிறார்.

அவர்கள் விட்டுப்போன தடம் சூலியா வீதியில் இருக்கிறது. அந்த வீதி முனையில் வெள்ளையடித்த, சிறிய மினார்கள் கொண்ட ஒரு கட்டடம் நிற்கிறது. பெயர் நாகூர் தர்கா ஷரீஃப். நாகூர் ஆண்டவர் ஷாகுல் ஹமீது அடங்கியிருப்பது நம் நாகூரில்தான். இங்கே இருப்பது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் நினைவாக எழுப்பிய இடம். கடலோடிகள் தங்கள் காவலரைக் கையோடு கொண்டுவந்து விட்டார்கள். நாகூரில் 131 அடி பெரிய மினாராவைக் கட்டித்தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் என்பது டெல்டாக்காரர்கள் அறிந்ததே. சிங்கப்பூர் தெலுக் ஆயர் வீதியிலும் 1830-ஐ ஒட்டிக் கட்டிய ஒரு நாகூர் தர்கா உண்டு. கப்பலேறும் முன் நேரமிருந்தால் அதையும் பார்த்துவிடலாம்.

பினாங்கு தர்காவிலிருந்து கொஞ்சம் நடந்தால் 1801-ல் தமிழ் முஸ்லிம்கள் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். அடுத்து 1833-ல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். அதைத் தாண்டிச் சீனர்களின் கருணை அம்மன் கோயில், 1818-ன் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். எல்லாம் ஒரே வீதியை ஒட்டியே. 2008-ல் யுனெஸ்கோ இந்த நகரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததற்கு இந்த நெருக்கமும் ஒரு காரணம். இத்தனை பழமைக்கு நடுவே, சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளின் சுவரோவியத்துக்கு முன்னால் போட்டோ எடுக்கும் கூட்டத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். அந்த ஓவியம் 2012-ல் வரைந்ததுதான்.

இந்தக் கடல்வழியின் மறுமுனை நாகப்பட்டினம். அந்தக் காலத்தில் அங்கே பெரிய கப்பல் கரைக்கு வராது. தள்ளி நிற்கும், படகில் போய்த்தான் ஏற வேண்டும். 1926-ல் கட்டிய ‘ரஜூலா’ சுமார் அரை நூற்றாண்டு சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. தளத்தில் பயணம் செய்வோர் மட்டுமே ஆயிரக்கணக்கில் அடங்கும் கப்பல் அது. பாயும் தகரப்பெட்டியும் வைத்துக்கொண்டு ஐந்தாறு நாள். 1929 டிசம்பரில் பெரியார் மலாயா போனதும் நாகையில் கப்பலேறித்தான்.

போனவர்களில் பெரும்பாலானோர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. தஞ்சை, திருச்சி ஜில்லாக்களின் நிலமில்லாத உழவுக்கூலிகளைக் கங்காணிகள் ரப்பர் தோட்டங்களுக்கு ஆள்பிடித்து அனுப்பினார்கள். பினாங்கில் நேரே ஊருக்குள் விடவும் மாட்டார்கள். ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் வைத்த பிறகுதான் தோட்டம். 1938-ல் இந்திய அரசு அந்த ஆள்சேர்ப்பை நிறுத்தியது. ரஜூலாவுக்குப் பின் வந்த ‘எம்.வி. சிதம்பரம்’ 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது; பலர் இறந்தார்கள். அதோடு அந்தப் பயணிகள் கப்பல் காலமே முடிந்தது. இன்று நாகையிலிருந்து வெளிநாடு போகும் பயணிகள் கப்பல், 2023 அக்டோபரில் தொடங்கிய காங்கேசன்துறைச் சேவைதான்.

மதியம் கப்பலில் இலவசச் சாப்பாடு இருக்கிறதே என்று திரும்பிவிடக் கூடாது. இங்கே நாசி கண்டார் இருக்கிறது. முன்பு தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடித்தண்டு போட்டு, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகத் தூக்கிவந்து துறைமுகக் கூலிகளுக்கு விற்றது. 1907-ல் தொடங்கிய ஹமீதியா கடை இன்னும் நடக்கிறது. கோழி, மீன், நண்டு என்று நாலைந்து குழம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றித் தருவார்கள். சாம்பார், ரசம், மோர் என்று வரிசை பார்த்துச் சாப்பிடும் தஞ்சாவூர் நாக்கு முதலில் திகைக்கும்; பிறகு இன்னொரு கரண்டி கேட்கும்.

சோறு என்றதும் சொல்லியாக வேண்டிய ஒன்று. டெல்டா வீடுகளில் பொன்னி அரிசிக்கு இருக்கும் மவுசு தெரிந்ததே. அந்த வெள்ளைப் பொன்னியின் மூலம் மாசூரி. தைவானின் தைச்சுங் 65 ரகத்தையும் மலாயாவின் மாயாங் எபோஸ் 80 ரகத்தையும் கலந்து உருவாக்கி, 1965-ல் மலேசியாவில் வெளியிட்டது. வெள்ளைப் பொன்னியை 1986-ல் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டது. ஆட்கள் போன கடலைத் தாண்டி நெல்லும் வந்திருக்கிறது.

மாலையில் கப்பலின் மேல்தளத்தில் நின்றால், மேகமில்லாத நாளில் வடக்கே ஜெராய் மலை தெரியும். உயரம் 1,217 மீட்டர். அதன் அடிவாரம்தான் கெடா, நம் கல்வெட்டுகளின் கடாரம். 1025-ல் ராஜேந்திரன் படை அங்கே போன செய்தி தஞ்சைப் பெரிய கோயில் சுவரிலேயே இருக்கிறது. அதற்கு இருபது ஆண்டு முன்பு நிலைமை வேறு. கடாரத்து அரசர் நாகையில் கட்டிய சூடாமணி விகாரைக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தார். அந்தச் செப்பேடு நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போனது. விகாரையின் மிச்சமாக நின்ற கோபுரம் 1867-ல் இடிக்கப்பட்டது. படையெடுப்பைப் பற்றிப் பேசும் அளவுக்கு அந்த விகாரையைப் பற்றி நாம் பேசுவதில்லை.

பயணத்துக்கு முன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பினாங்கு போய்த் திரும்பும்போது சிங்கப்பூருக்குள் இரண்டாம் முறை நுழைகிறீர்கள். அதற்கு இடம் தரும் விசாவா என்று பாருங்கள். கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரம் கண்டிப்பானது, யாருக்காகவும் காத்திருக்காது. கடாரத்தின் பழைய செங்கல், கல் கட்டடங்கள் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்குக்குத் தீவை விட்டுப் பாலம் தாண்டிப் போக வேண்டும். கப்பல் தரும் ஒரு பகலில் அதை அவசரமாகத்தான் பார்க்க முடியும். அதைப் பார்க்கத்தான் ஆசை என்றால் கப்பலை விட்டுவிட்டு, விமானத்தில் பினாங்கு போய் இரண்டு இரவு தங்குங்கள்.