விளையாட்டுக் கணினி: பணத்தைப் பங்கிடும் முறை

பிள்ளை விளையாட்டுக் கணினி கேட்கிறான், கையிருப்போ சிறிது. உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிப் பொருத்துவதாயின், பணத்தை எவ்வாறு பங்கிடுதல் வேண்டும்?

விளையாட்டின் காட்சிகளை ஆக்கித் தருவது வரைகலை அட்டை. ஆதலின் செலவின் பெரும்பங்கு அதற்கே உரியது. செயலி நடுத்தரமானதாயினும் அமையும். ஆயின் அது தாய்ப்பலகையோடு இசைந்ததாதல் வேண்டும். ஏஎம்டி நிறுவனம் 2016 இல் கொணர்ந்த ஏஎம்4 என்னும் பொருத்துவாயில், 2022 இல் வந்த ஏஎம்5 செயலி பொருந்தாது. அவ்வாறே டிடிஆர்4 நினைவகம் டிடிஆர்5 பலகையில் ஏறாது. 16 கிகாபைற் நினைவகத்தை ஒரே துண்டாக வாங்காது, எட்டெட்டாக இரண்டு வாங்கின், தரவு இருவழியே விரைந்து செல்லும்.

பலர் சிக்கனம் பிடிக்குமிடம் மின்வழங்கி. அதனால் விளையாட்டு விரைவுறுவதில்லை என்பது உண்மையே. ஆயினும், தரங்குறைந்த மின்வழங்கி பழுதுறுங்கால், பெற்றோர் அரிதிற் சேர்த்த பணத்தில் வாங்கிய ஏனைய உறுப்புகளையும் உடன் அழித்துவிடக்கூடும். ஆகவே அலங்கார விளக்குகளையும் கண்ணாடிப் பெட்டியையும் விடுத்து, அப்பணத்தை நல்ல மின்வழங்கிக்கு ஒதுக்குங்கள். வீடு கட்டுவோர் அத்திவாரத்திற் சிக்கனம் பார்ப்பதுண்டோ?